வயிற்றைச் சிறிதாக்கினால் இனிப்பு நீர் போய்விடுமா?

கோலாலம்பூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவருக்கு 44 வயது, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 112 கிலோ. ஒன்பது வருஷமாக இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. மாத்திரைகளோடு போன வருஷத்திலிருந்து இரவில் இன்சுலினும் போடுகிறார். கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 9.4 சதவீதம். வயிற்றைச் சிறிதாக்கும் ஆப்பரேஷன் செய்தால் இனிப்பு நீர் போய்விடும் என்று டாக்டர் சொல்கிறார். மாமியாரோ, "நோய் ரத்தத்தில் இருக்கும்போது கத்தி எதற்கு வயிற்றில்?" என்கிறார். "உண்மையிலேயே குணமாகுமா, இல்லை நாலைந்து வருஷத்தில் திரும்பி வந்துவிடுமா?" என்பது கேள்வி.

சகோதரி, கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தேன். குணமாகுமா என்று கேட்டிருந்தாலும், உங்கள் மனதை அரிப்பது அதன் பின்பாதிதான் என்று நினைக்கிறேன்: திரும்பி வந்துவிட்டால் பட்ட பாடும் போட்ட பணமும் வீண்தானே? அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் நிலையில் உள்ளவர்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு கட்டத்தில் மறுபடி மாத்திரைக்கு வருகிறார்கள். ஆனாலும் செய்தது வீண் இல்லை. ஏன் என்பதற்குத்தான் இத்தனை நீளமான பதில்.

நான் உணவியல் நிபுணர். இந்த ஆப்பரேஷனுக்குப் போகிறவர்களுக்கு முன்னும் பின்னும் சாப்பாட்டு முறை சொல்லிக் கொடுப்பதும், வருஷக்கணக்கில் அவர்களைப் பின்தொடர்வதும்தான் என் வேலை. கத்தி பிடிப்பவள் இல்லை. உங்கள் கணவரின் ரிப்போர்ட்டும் என் கையில் இல்லை. அவருக்கு எந்த வகை ஆப்பரேஷன் பொருந்தும் என்பதை அவரைப் பரிசோதித்த சர்ஜன்தான் சொல்ல வேண்டும். மற்றதைப் பேசலாம்.

மாமியாரின் கேள்வி நியாயமானது. டாக்டர்களே ஒரு காலத்தில் அதைத்தான் கேட்டார்கள். எடை குறைக்கத்தான் இந்த ஆப்பரேஷன் தொடங்கியது. அமெரிக்காவில் வால்டர் போரிஸ் என்ற சர்ஜன், இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேரே இணைக்கும் 'பைபாஸ்' செய்துகொண்ட நீரிழிவுக்காரர்களில் பெரும்பாலோருக்குச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்ததை 1995இல் எழுதியபோது, 'யார்தான் நினைத்திருப்பார்கள்' என்ற வியப்பையே கட்டுரைக்குத் தலைப்பாக்கினார். எடை குறைவதற்கு முன்பே சர்க்கரை இறங்கியதுதான் எல்லோரையும் திகைக்க வைத்தது. இதை வார்டில் இன்றைக்கும் பார்க்கலாம். ஆப்பரேஷன் முடிந்த மறுநாள் காலை, தராசில் எடை அப்படியே இருக்கும். நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தால், இன்சுலினைப் பாதியாகக் குறைத்த பிறகும் மீட்டரில் (நம் ஊர் மில்லிமோல் கணக்கில்) ஏழு, ஆறரை என்று காட்டும். மாதக்கணக்கில் பதின்மூன்றையே பார்த்துப் பழகியவர், மீட்டர் கெட்டுப்போய்விட்டதா என்று இன்னொரு விரலை நீட்டுவார்.

காரணம் ஒன்று மட்டும் இல்லை. முதல் நாட்களில் ஆள் கிட்டத்தட்டப் பட்டினி என்பதால் கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு வேகமாகக் கரைகிறது. அது கரைந்தாலே கல்லீரல் இரவெல்லாம் சர்க்கரையைக் கொட்டுவது குறையும். அப்புறம், உணவு சிறுகுடலின் பின்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால் ஜிஎல்பி-1 போன்ற குடல் ஹார்மோன்கள் அதிகமாகச் சுரந்து, கணையத்தைத் தூண்டி, பசியை அடக்குகின்றன. 'ஸ்லீவ்' என்ற முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவதால், பசியைக் கிளப்பும் கிரெலின் சுரக்கும் முக்கியமான இடமும் போய்விடுகிறது. கடைசியாக, எடை குறையக் குறைய உடம்பு இன்சுலினுக்கு நன்றாகக் கீழ்ப்படிகிறது. இதில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் குடலும் இரைப்பையும் சர்க்கரை விவகாரத்தில் நேரடிப் பங்காளிகள் என்பதில் இப்போது சந்தேகமில்லை. மாமியாரிடம் அப்படியே சொல்லலாம்.

சரி, எவ்வளவு பேருக்குப் பலன்? அமெரிக்காவில் கிளீவ்லாந்து கிளினிக் நடத்திய ஒரு ஆய்வு உங்கள் வீட்டுக் கதைக்கு மிக அருகில் வருகிறது. நூற்றைம்பது பேர், சராசரி எச்பிஏ1சி 9.2, சராசரி பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 37, பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் இன்சுலினில் இருந்தவர்கள். ஒரு பகுதியினருக்கு மருந்து மட்டும், மற்றவர்களுக்கு மருந்தோடு பைபாஸ் அல்லது ஸ்லீவ் என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஐந்தாம் வருஷ முடிவு 2017இல் வந்தது. எச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள் மருந்துப் பிரிவில் 5 சதவீதம், பைபாஸில் 29, ஸ்லீவில் 23.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 29 சதவீதம் என்றால் நூற்றில் எழுபது பேருக்குத் தோல்வி என்றுதானே மனம் கணக்குப் போடும்? ஆனால் அதே ஆய்வில் ஆப்பரேஷன் செய்தவர்களின் சராசரி எச்பிஏ1சி 2.1 இறங்கியிருந்தது, மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு 0.3. அதாவது 6 என்ற கோட்டைத் தொடாதவர்களிலும் பலர் ஒன்பதிலிருந்து ஏழுக்குப் பக்கத்தில் வந்து, இன்சுலினையும் விட்டிருந்தார்கள். கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் காலுக்கும் இந்த இறக்கம்தான் கணக்கு. எந்தக் கோட்டைத் தொட்டோம் என்று அவை பார்ப்பதில்லை.

இத்தாலியில் ரோம் நகரில் அறுபது பேரைப் பத்து வருஷம் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வு 2021இல் வெளியானது. ஐந்து வருஷத்துக்கு மேல் நீரிழிவு இருந்தவர்கள் அவர்கள். பத்தாம் வருஷத்தில், ஆப்பரேஷன் செய்தவர்களில் 37.5 சதவீதம் பேர் நீரிழிவு அடங்கிய நிலையிலேயே இருந்தார்கள். பைபாஸ் செய்தவர்களை மட்டும் எடுத்தால் 25 சதவீதம். மீதிக் கூட்டம், குடலைப் பெருமளவு மாற்றி இணைக்கும், இப்போது அரிதாகவே செய்யப்படும் இன்னொரு ஆப்பரேஷனால் வந்தது, அதனால் 25ஐயே நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வருஷத்தில் அடங்கியிருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பிறகு சர்க்கரை திரும்பியது. நீங்கள் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் திரும்பியவர்களின் சராசரி எச்பிஏ1சி பத்தாம் வருஷத்தில் 6.7 மட்டுமே. கண், சிறுநீரகம், இதயம் சார்ந்த சிக்கல்களும் மருந்துப் பிரிவை விட மிகக் குறைவு. அறுபது பேர் சின்னக் கூட்டம்தான், அதனால் சதவீதங்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஆயிரக்கணக்கானவர்களைப் பின்தொடர்ந்த சுவீடன் நாட்டு ஆய்விலும் இதே போக்குதான்: இரண்டு வருஷத்தில் 72 சதவீதம் அடங்கியிருந்தது, பத்து வருஷத்தில் 36 சதவீதமாகக் குறைந்தது.

இதனால்தான் 'குணம்' என்று சொல்லாமல் 'அடங்கியிருக்கிறது' என்கிறேன். சர்க்கரை மருந்து எல்லாவற்றையும் நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகும் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே இருந்தால்தான் அந்தப் பெயர் என்று 2021இல் உலக நிபுணர்கள் சேர்ந்து வரையறுத்தார்கள். அடங்கிய பிறகும் வருஷா வருஷம் கண், சிறுநீர், கால் பரிசோதனை நிற்கக் கூடாது. உங்கள் டாக்டர் 'போய்விடும்' என்று சொன்னதை, 'இருந்தும் தொல்லை கொடுக்காமல் இருக்கும், எத்தனை வருஷம் என்பது ஆளைப் பொறுத்தது' என்று திருத்திக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆளைப் பொறுத்தது என்றேன். அதையும் ஓரளவு முன்கூட்டியே பார்க்க முடியும். கணையத்தில் எவ்வளவு உயிர் மிச்சம் இருக்கிறது என்பதுதான் விஷயம். நோய் வந்து எத்தனை வருஷம், இன்சுலின் போடுகிறாரா, எத்தனை வகை மாத்திரை என்பதெல்லாம் அதற்கான மறைமுக அடையாளங்கள். கிளீவ்லாந்து ஆய்விலும் எட்டு வருஷத்துக்குக் குறைவாக நோய் இருந்தவர்களுக்கே அதிகப் பலன். உங்கள் கணவருக்கு ஒன்பது வருஷம், இன்சுலின் ஒரு வருஷம். எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம். நேரடியாகப் பார்க்க 'சி-பெப்டைட்' என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. உடம்பு சொந்தமாக எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று அது காட்டும். செய்துவிட்டார்களா என்று கேளுங்கள். அது மிகக் குறைவாக வந்தால், இது உண்மையிலேயே இரண்டாம் வகை நீரிழிவுதானா என்றே மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

ஆப்பரேஷனுக்கு அவர் தகுதியா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவருடைய பிஎம்ஐ 40ஐ ஒட்டி வருகிறது. நம்மைப் போன்ற ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடுவதால் வரம்பும் குறைவு. 2016இல் பல நாட்டு நீரிழிவு அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரைப்படி, ஆசியர்களுக்கு 37.5க்கு மேல் போனாலே பரிந்துரைக்கலாம். சர்க்கரை கட்டுக்குள் வராவிட்டால் 32.5லேயே பரிந்துரைக்கலாம், 27.5லிருந்தே யோசிக்கலாம். ஆகவே டாக்டர் அவசரப்பட்டு ஒன்றும் சொல்லிவிடவில்லை. உண்மையில் என் ஆதங்கம் வேறு. நம் ஆட்கள் இங்கே கடைசிப் புகலிடமாகத்தான் வருகிறார்கள். மூன்றாம், நான்காம் வருஷத்தில் வந்திருந்தால் கிடைத்திருக்கும் பலன் பதினைந்தாம் வருஷத்தில் கிடைப்பதில்லை.

ஊசி போட்டு எடை குறைக்கலாமே என்று யாராவது இந்நேரம் சொல்லியிருப்பார்கள். செமாகுளுடைட், டிர்செபடைட் இரண்டும் நல்ல மருந்துகள். டிர்செபடைட்டின் உயர்ந்த அளவில் நீரிழிவுக்காரர்களுக்கு 72 வாரத்தில் எடை சராசரியாக 15 சதவீதம் போல இறங்கியது. ஒப்பிட, கிளீவ்லாந்து ஆய்வில் ஐந்தாம் வருஷத்திலும் பைபாஸ்காரர்கள் 23, ஸ்லீவ்காரர்கள் 19 சதவீதம் குறைந்தே இருந்தார்கள். ஊசியை நிறுத்தினால் எடையும் சர்க்கரையும் பெரும்பாலும் ஏறிவிடும். மாதா மாதம் நூற்றுக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்), அளவு கூடினால் அதற்கும் மேல். ஆப்பரேஷனையும் இந்தப் புது ஊசிகளையும் நேருக்கு நேர் நீண்டகாலம் ஒப்பிட்ட ஆய்வுகள் இன்னும் போதுமான அளவில் இல்லை, அதனால் எது மேல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஊசியை இதுவரை முயலவே இல்லை என்றால், அதை டாக்டரிடம் கேட்பது தப்பில்லை. மற்றபடி, பிரிட்டனில் சில மாதங்கள் தினமும் சுமார் 850 கலோரி அளவில் பானம் மட்டும் கொடுத்து, முதல் வருஷத்தில் 46 சதவீதம் பேருக்கு நீரிழிவை அடங்க வைத்தார்கள். அது நோய் வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்த, இன்சுலின் போடாதவர்களுக்கு. உங்கள் கணவர் அந்தக் கூட்டத்தில் இல்லை.

ஆபத்தைப் பற்றி. அனுபவமுள்ள இடங்களில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று என்ற அளவு, பித்தப்பையை எடுக்கும் ஆப்பரேஷனுக்குப் பக்கத்தில். தையல் இடத்தில் கசிவு, ரத்தக் கசிவு, காலில் ரத்தம் உறைவது ஆகியவை முதல் வாரங்களின் கவலை. ஸ்லீவுக்குப் பிறகு நெஞ்செரிச்சல் கூடலாம். ஏற்கெனவே புளித்த ஏப்பம் தொல்லை இருந்தால் அவசியம் சர்ஜனிடம் சொல்லுங்கள், முறையையே மாற்றக்கூடும். பைபாஸுக்குப் பிறகு மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் ஆகாது, உள்ளே புண் வரலாம். வேகமாக எடை குறைவதால் பித்தக்கல் வரலாம். மூன்றாம் மாதம் போல முடி கொத்தாகக் கொட்டலாம், பெரும்பாலும் திரும்ப வளரும். இரும்புச்சத்து, பி12, டி வைட்டமின், கால்சியம் இதெல்லாம் வாழ்நாள் முழுக்க. இந்தக் கடைசி வரிதான் எல்லோரும் தலையாட்டிவிட்டு இரண்டாம் வருஷத்தில் மறப்பது.

இனி என் துறைக்கு வருகிறேன். முதல் இரண்டு வாரம் வெறும் திரவம். மருந்து குடிக்கும் சின்னக் கப் இருக்கிறதே, 30 மில்லி, அதில் ஊற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்ச வேண்டும். மடக்கென்று குடித்தால் நெஞ்சில் பாறாங்கல் வைத்த மாதிரி அடைக்கும். பிறகு கூழ் பதம், பிறகு மென்மையான உணவு. ஐந்தாம் வாரத்தில் பாதி இட்லியை சாம்பாரில் கரைத்து, இருபது நிமிஷம் எடுத்துச் சாப்பிடும் ஆளைப் பார்த்தால் மனைவிக்கு மனசு தாங்காது. அம்மாவுக்கு இன்னும் தாங்காது. "இன்னும் ஒரு வாய்" என்று ஊட்டுவதற்கு மாமியார் வரும்போது அவரையும் ஒரு தடவை டயட்டீஷியனிடம் கூட்டிப்போங்கள். டயட்டீஷியன் சொன்னால் கேட்பார், மருமகள் சொன்னால் கேட்க மாட்டார்.

ஒரு நாளைக்குப் புரதம் 60 கிராமாவது போக வேண்டும். தட்டில் முதலில் மீன், முட்டை, கோழி, பருப்பு; இடம் மிச்சமிருந்தால்தான் சோறு. நம் வீட்டில் தலைகீழாகத்தான் பழக்கம். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணி தள்ளிக் குடிக்கட்டும். மாமாக் கடையில் இனிப்பான கட்டிப்பால் ஊற்றி ஆற்றிய தேநீரை, அதாவது தே தாரிக்கை, பைபாஸ் செய்தவர் குடித்தால், பத்து இருபது நிமிஷத்தில் வியர்த்து, படபடத்து, மேசையிலேயே தலையைச் சாய்த்துவிடலாம். சர்க்கரை குடலுக்குள் ஒரேயடியாகக் கொட்டுவதால் வருவது அது. பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் பழகிக்கொள்ளட்டும். ஆனால் எடையைத் திரும்ப ஏற்றுவது தே தாரிக்கை விட முறுக்கும் மைலோவும்தான். சின்ன இரைப்பை கோழித் துண்டைத் தடுக்கும், முறுக்குத் தூளைத் தடுக்காது. வாயில் போட்டதும் கரைந்து இறங்கிவிடும். தீபாவளி டின் திறந்தே இருந்தால் வயிறு நிறைந்த உணர்வே வராமல் நாள் முழுக்க உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

தைப்பூசத்துக்கு விரதம் இருந்து பத்துமலைக்குக் காவடி எடுப்பவரா? அப்படியென்றால் முதல் வருஷம் வேண்டாம். நாளுக்கு ஒரே ஒரு வேளைச் சைவச் சாப்பாட்டில் அவருக்குத் தேவையான புரதத்தை அந்த வயிற்றுக்குள் அடைக்க முடியாது. பிற்பாடு செய்யலாம், டயட்டீஷியனோடு பேசி, பி12 அளவு பார்த்துவிட்டு.

பணம் பற்றி ஒரு வார்த்தை. தனியார் மருத்துவமனையில் பல்லாயிரம் வெள்ளி ஆகும். காப்புறுதி நிறுவனங்கள் எடைக்கான ஆப்பரேஷனை ஏற்காமல் விடுவது சகஜம், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசாங்க மருத்துவமனையிலும், பல்கலைக்கழக மருத்துவமனையிலும் செய்கிறார்கள், செலவு மிகக் குறைவு, காத்திருப்பு நீளம். காத்திருக்கும் மாதங்களை வீணாக்காமல் புகையை நிறுத்தவும், தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று பார்க்கவும் பயன்படுத்தலாம்.

ஆப்பரேஷன் முடிவானால் இரண்டு விஷயங்களை நீங்களே கேட்டு உறுதி செய்யுங்கள். கண்ணின் விழித்திரையை முன்பே பரிசோதிக்க வேண்டும், ஏனென்றால் எச்பிஏ1சி ஒன்பதிலிருந்து மளமளவென்று இறங்கும்போது ஏற்கெனவே பழுதான கண் இன்னும் மோசமாகலாம். அவர் எடுக்கும் மாத்திரையில் எம்பாகிளிஃப்ளோசின் அல்லது டாபாகிளிஃப்ளோசின் இருந்தால், அதை எப்போது நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். கல்லீரலைச் சுருக்க ஆப்பரேஷனுக்கு முன் கொடுக்கும் பட்டினி உணவோடு அது சேர்ந்தால், மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். வீட்டுக்கு வந்த பின் இன்சுலினையும், கிளிக்லசைடு என்ற சர்க்கரை மாத்திரை இருந்தால் அதையும், பழைய அளவில் போடவே கூடாது, தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழுவார். புது அளவை எழுதி வாங்கிக்கொண்டுதான் வார்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

வீட்டில் இருக்கும்போது வாந்தி இரண்டு மூன்று நாளைக்கு மேல் தொடர்ந்தால், கஷாயம் வைத்துப் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே இருக்கும் டாக்டருக்கு ஆப்பரேஷன் விவரம் தெரிந்திருக்காது. எந்த ஆப்பரேஷன், எந்தத் தேதி என்று சொல்லி, சர்க்கரை கலந்த டிரிப் ஏற்றுவதற்கு முன்பு தயமின் ஊசி போட வேண்டுமா என்று கேளுங்கள். தயமின், அதாவது பி1, வாந்தியில் சில வாரத்திலேயே தீர்ந்துபோகும். அது இல்லாத உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளையும் நரம்பும் பாதிக்கப்படும். ஆப்பரேஷன் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி அவருடைய பர்சில், அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்துவிடுங்கள்.